மராத்தியக் கிறித்தவ மொழிநடை: இரு நெறிகள்

1. முன்னுரை

ஒரு சமயம் வேற்று மண்ணில் வேர்கொள்ளும்போது முதற்கண் எதிர்கொள்வது மொழிச் சிக்கலேயாகும். தன்னைச் சூழ்ந்து வாழும் மக்களிடம் திருச்சபை எம்மொழிநடையில் பேசுவது என்னும் வினா மொழிபெயர்ப்பாளருக்கும் உரிய வினாவாகும். புனே வட்டாரத்திலும் அதனை அடுத்த அகமத்நகரிலும் எழுந்த இரு மராத்திய முயற்சிகள் இவ்வினாவிற்குத் தந்த விடைகளை ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஏற்கும் நெறி

புனேயை அடுத்த தேஹு, துக்காராமின் ஊர். ஆளந்தி, ஞானேசுவரர் சமாதிகொண்ட இடம். ஆண்டுதோறும் இவ்வூர்களிலிருந்து புறப்படும் வார்க்கரி அடியார்கள் அபங்கங்களைப் பாடியவாறு புனே வழியே பண்டரிபுரம் செல்கின்றனர். எழுத்தறியாதாரும் செவிவழி அறிந்த இலக்கியம் இது.

அகமத்நகரில் பணியாற்றிய கவிஞர் நாராயண் வாமன் திலக் (1861-1919) 1895இல் கிறித்தவம் தழுவியவர். துக்காராம் என்னும் பாலத்தின் வழியே தாம் கிறித்துவிடம் வந்ததாக அவர் கருதினார். ஆகவே, மேனாட்டு மெட்டுகளுக்கு இயைந்த மொழிபெயர்ப்புப் பாடல்களோடு அமையாது, அபங்க வடிவில் புதிய பாடல்களை இயற்றினார். அவர் நிறைவு செய்யாது விட்ட ‘கிறிஸ்தாயன்’ காவியத்தை மனைவி லட்சுமிபாய் தொடர்ந்தார். இந்நெறிக்கு முன்னோடியும் உண்டு. கோவாவில் தாமஸ் ஸ்டீபன்ஸ் 1616இல் வெளியிட்ட ‘கிறிஸ்தபுராணம்’ ஓவி யாப்பில் அமைந்ததேயாகும்.

3. விலக்கும் நெறி

பண்டித ரமாபாய் (1858-1922) இதற்கு மாறான வழியில் சென்றார். 1889இல் மும்பையில் அவர் நிறுவிய சாரதா சதன் மறு ஆண்டு புனேக்கு மாற்றப்பட்டது. 1896-97 பஞ்சத்தில் ஆதரவிழந்த பெண்களை அவர் அழைத்துவந்து புனே மாவட்டத்துக் கேட்காவில் வாழ்வித்தார். அங்கு உருவான முக்தி இல்லம் இன்றும் இயங்கிவருகின்றது.

இப்பெண்கள் படித்துணரத்தக்க விவிலியம் வேண்டும் என்பதே ரமாபாயின் கவலை. வழக்கிலிருந்த மராத்தி விவிலியம் வடசொல் மிகுந்து, கற்றோர்க்கே விளங்குவதாக இருந்தது எனவும், அதன் சொற்கள் பல இந்து சமயப் பொருளைத் தாங்கி நின்றன எனவும் அவர் கருதினார். எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, தாமே எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். இல்லத்துப் பெண்களே அச்சுப்பணியிலும் ஈடுபட்டனர். முழு விவிலியம் அவர் மறைவுக்குப்பின் 1924இல் வெளிவந்தது. வடமொழிப் புலமைக்காகவே ‘பண்டித’ப் பட்டம் பெற்றவர் வடசொற்களை விலக்க முனைந்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

4. தமிழோடு ஒப்பீடு

இவ்விரு நெறிகளும் தமிழுக்குப் புதியன அல்ல. வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் மக்கள் அறிந்த வடிவத்தை ஏற்றமை திலக்கின் நெறியோடு ஒக்கும். சொல்லளவிலோ மாற்றம் தொடர்ந்து நிகழ்ந்துள்ளது. பப்ரிசியஸ் ‘பராபரன்’ என்றார். 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. 1995ஆம் ஆண்டுப் பொதுமொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்கின்றது. ‘ஞானஸ்நானம்’ அதில் ‘திருமுழுக்கு’ ஆயிற்று. எனினும் பழஞ்சொற்களோடு வழிபட்டுப் பழகியோர் அவற்றை எளிதில் விடுவதில்லை.

5. முடிவுரை

திலக்கின் பாடல்கள் மராத்தியத் திருச்சபைகளில் நிலைபெற்றன. ரமாபாயின் மொழிபெயர்ப்பு பெருவழக்குப் பெறவில்லை. இதனால் முன்னதே சிறந்தது எனத் துணிதல் பொருந்தாது. பழகிய வடிவம் விரைந்து நெஞ்சில் பதியும். ஆயின் தன் பழம்பொருளையும் உடன்கொணரும். புதிய எளிய நடை அப்பொருளை விலக்கும். ஆயின் செவிக்குப் பழக நெடுங்காலம் வேண்டும். திலக் அபங்கம் கேட்டு வளர்ந்தோரை முன்னிறுத்தினார். ரமாபாய் அப்போதுதான் எழுத்துக் கற்ற பெண்ணை முன்னிறுத்தினார். இணையான சொல் எது என ஆராயுமுன், கேட்போர் யாவர் எனத் தெளிதல் மொழிபெயர்ப்பாளரின் முதற்கடமை என்பதை இவ்விரு முயற்சிகளும் உணர்த்துகின்றன.