மூன்று லட்சத்தை நெருங்கும் பிக்கப்: எதை எப்போது பார்க்க வேண்டும்?

பிக்கப் வண்டியின் மீட்டர் 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியதும் "தள்ளிவிட்டுட்டுப் புதுசு எடுங்க" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். புது வண்டி என்றால் மாதத் தவணை. தக்காளி விலை இறங்கினாலும் தவணை இறங்காது. இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்று நாம் மிச்சம் பிடிக்கிற காசு அப்படியே நிதி நிறுவனத்துக்குப் போய்விடும். எங்கள் பகுதியில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு டீசல் பிக்கப் வைத்திருக்கிறோம். மீட்டர் 2,90,000-ஐத் தாண்டிவிட்டது. வண்டிக் கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால், அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

உதிரிபாகங்களின் ஆயுளை கிலோமீட்டரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பேட்டரி, டயர் ரப்பர், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் வண்டி ஓடாமல் நின்றாலும் வயசாகிக்கொண்டே இருக்கும். கிளட்ச் ஓட்டுகிறவர் காலைப் பொறுத்தது. பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறவரிடம் சீக்கிரம் தேயும், அதே கிளட்ச் இன்னொருவரிடம் இரண்டு மடங்கு உழைக்கும். கமான் பட்டையின் ஆயுள் நாம் ஏற்றும் பாரத்தில் இருக்கிறது.

இஞ்சின் ஆயிலைக் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்னாலேயே மாற்றிவிடுவது நல்லது. நம் வண்டி மண் சாலையில், புழுதியில், பாரத்தோடு, நின்று நின்று போகிற வண்டி. ஆயிலோடு ஃபில்டரையும் மாற்ற வேண்டும். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது, குச்சியை உருவிப் பார்க்கும்போது ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால். உள்ளே தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

ஏர் ஃபில்டரைத் தரையில் தட்டித் தட்டி மாட்டுவது நம்மூர்ப் பழக்கம். காகித ஃபில்டரைத் தட்டினால் மடிப்பு கிழியும், தண்ணீரில் கழுவினால் கெட்டுப்போகும். காற்று அடிப்பதானால் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக அடிக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் கறும்புகை வரும், மைலேஜும் குறையும். ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. அதிலுள்ள உப்பு உள்ளே படிந்து, சொட்டுநீர்க் குழாய் அடைப்பது மாதிரி அடைத்துவிடும். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை மழைக்காலத்தில் அடிக்கடி திறந்துவிடுங்கள்.

மற்ற வண்டிக்காரர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. நாம் ஏற்றுகிற சரக்கில் பாதி இரும்புக்குப் பகை. தொழுவுரம், கோமியம், பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாவற்றிலும் உப்போ, அம்மோனியாவோ, அமிலமோ இருக்கிறது. மண்ணுக்கு அமிர்தம், தகரத்துக்கு விஷம். தொட்டித் தகட்டில் சிந்தினால் கண்ணுக்குத் தெரியும், கழுவிவிடலாம். தகட்டு இடுக்கு வழியாக இறங்கி சேஸிஸ் மேல் தங்குவதுதான் தெரியாமல் அரிக்கும். எங்கள் தொட்டியில் தடித்த ரப்பர் பாய் போட்டிருக்கிறோம். ஆனால் பாயைப் போட்டுவிட்டு மறந்தால் அதன் அடியில் ஈரம் தங்கி இன்னும் மோசமாகும். எரு ஏற்றிய அன்றே பாயைத் தூக்கி, மேலும் அடியும் கழுவி, வெயிலில் காயவிட்டுத்தான் அடுத்த சரக்கு. கோமியக் கேனை முக்கால் அளவுக்கு மேல் நிரப்ப மாட்டோம், நுரைத்துப் பொங்கும்.

அடிப்பக்கம் படுத்துப் பார்க்க மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பட்டைகளில் விரிசல் இருக்கிறதா, ஷாக்கிள் புஷ் தேய்ந்திருக்கிறதா, யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பட்டை உடைந்தால் அதன் பாரம் மற்றப் பட்டைகள் மேல் விழுந்து அடுத்தடுத்து உடையும். கிளட்சை விட்டதும் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டால், பெரும்பாலும் புரொப்பல்லர் தண்டின் கிராஸ் தேய்ந்திருக்கும். கிரீஸ் நிப்பிள் உள்ள வண்டியில் ஒழுங்காகக் கிரீஸ் அடித்தாலே அது நெடுநாள் உழைக்கும். விட்டுவிட்டால் ஒருநாள் நடுரோட்டில் தண்டு கழன்று விழும், கீரைக்கட்டு வண்டியிலேயே வாடும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் பாரம் ஏற்றாதீர்கள்.

"புங்க எண்ணெய் ஊற்றி ஓட்டலாமா?" என்று கூட்டங்களில் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது நிஜம்தான். இன்றைய காமன் ரெயில் இஞ்சின் வேறு. மிக நுண்ணிய துளை வழியாக, ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் எரிபொருளைப் பீய்ச்சுகிறது. செக்கு எண்ணெயின் தடிப்புக்கு இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும், அதை மாற்றுகிற செலவில் ஒரு கறவை மாடு வாங்கிவிடலாம்.

வடித்த பழைய ஆயிலை வேலிக்கால்களுக்குக் கரையான் மருந்தாகப் பூசுகிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அதில் இஞ்சின் தேய்ந்த உலோகத்தூள் இருக்கிறது. மழையில் கரைந்து மண்ணுக்குத்தான் போகும். யூரியாவை நிறுத்திவிட்டு இதை ஊற்றுவதில் என்ன நியாயம்? கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள், பழைய ஆயில் எடுக்க அங்கே ஆள் வருவார்கள்.

சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் முடிந்தபின் எஃப்.சி. வருஷா வருஷம். அதற்காகப் பெயின்ட் அடிக்குமுன் சேஸிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டு செதில் உதிர்ந்தால் உள்ளே அரித்துவிட்டது. இஞ்சினைப் பிரித்துக் கட்டலாம், கியர் பெட்டியை மாற்றலாம். சேஸிஸ் போன வண்டிக்குக் காசு போடாதீர்கள். பழைய பிக்கப் வாங்கப் போகிற புதியவர்களும் மீட்டரைப் பார்க்குமுன் கையில் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுங்கள்.