அபராதம் கட்டிய வழக்கு கனடாவில் முடிவதில்லை

சனிக்கிழமை இரவு வாகனச் சோதனை. ஊதச் சொல்கிறார்கள், கருவியில் அளவு கூடுதலாகக் காட்டுகிறது. சில நாள் கழித்து நீதிமன்றத்தில் பெயரைக் கூப்பிடுகிறார்கள். "குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?" "ஆமாங்கய்யா." அபராதத்தைக் கட்டி, ரசீதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, வண்டியை மீட்டு வீட்டுக்கு வருகிறவர், சனியன் தொலைந்தது என்று மறந்துவிடுகிறார். சில வருடம் கழித்துப் படிப்புக்கோ வேலைக்கோ கனடாவுக்கு விண்ணப்பிக்கும்போது அதே வழக்கு 'கடுங்குற்றம்' என்ற பெயரில் எதிரே வந்து நிற்கலாம்.

இந்த ஆபத்து தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரும் 'எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது' என்ற தவறான வழிக்குப் போய்விடுகிறார்கள். பழைய தண்டனைக்குக் கனடாவின் சட்டத்திலேயே பரிகாரங்கள் உண்டு. மறைத்தவருக்கு அந்தப் பரிகாரங்கள் எளிதில் கிடைப்பதில்லை.

அளக்கும் கோல் அவர்களுடையது

கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36-வது பிரிவுதான் குற்றப் பின்னணி உள்ளவர்களை நிறுத்தும் பிரிவு. நம் நீதிமன்றம் என்ன தண்டனை கொடுத்தது என்பதை அது முதலில் பார்ப்பதில்லை. அதே செயலைக் கனடாவில் செய்திருந்தால் அங்கே எந்தக் குற்றமாகும், அதற்கு அதிகபட்சத் தண்டனை என்ன என்றுதான் பார்க்கிறது. அதிகபட்சம் 10 வருடமோ அதற்கு மேலோ என்றால் கடுங்குற்றம். அதற்குக் குறைவாக இருந்து, அரசுத் தரப்பு விரும்பினால் பெரிய வழக்காக நடத்தக்கூடிய குற்றம் என்றால் சாதாரணக் குற்றம். இரண்டுமே நுழைவைத் தடுக்கும். பெரிய வழக்காகவே நடத்த முடியாத சில்லறைக் குற்றம் ஒன்றே ஒன்று இருந்தால் மட்டும் தடை வராது.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடும். கனடாவில் இதே குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 5 வருடமாக இருந்தது. 2018 டிசம்பர் 18 முதல் அதை 10 வருடமாக உயர்த்தினார்கள். அந்த நாளுக்குப் பிறகு சென்னையில் குடித்து ஓட்டிப் பிடிபட்டு அபராதம் மட்டுமே கட்டியவரும் கனடாவின் கணக்கில் கடுங்குற்றவாளி ஆகலாம்.

'ஆகலாம்' என்பதற்குக் காரணம் உண்டு. நம் சட்டத்தில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே குற்றம். கனடாவின் குற்றவியல் சட்டத்தில் எல்லை 80 மில்லிகிராம். 50 காட்டியதற்காக இங்கே தண்டனை பெற்ற ஒருவர், அங்கே அந்த அளவுக் குற்றத்தையே செய்யவில்லை. நிதானமிழந்து ஓட்டினார் என்ற வேறு சான்று இல்லாவிட்டால், இரு நாட்டுக் குற்றங்களும் ஒன்றல்ல என்று வாதிடலாம். அதற்கு அன்று கருவி அச்சடித்துத் தந்த சீட்டு வேண்டும். ஒரு சிறு சீட்டில் உள்ள எண் ஒரு குடும்பத்தின் பயணத்தையே தீர்மானிக்கும் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றும்?

294(பி), 323, 506

தமிழ்நாட்டில் வரப்புத் தகராறு, வாய்த்தகராறு, பங்காளிச் சண்டை எதுவானாலும் முதல் தகவல் அறிக்கையில் அடிக்கடி தென்பட்ட மூன்று பிரிவுகள் இவை: பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, மிரட்டியது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. எண்கள் மாறினாலும் குற்றங்கள் அவையே.

கனடாவின் தராசில் மூன்றும் ஒரே எடை அல்ல. தெருவில் கெட்ட வார்த்தை பேசி அமைதியைக் குலைப்பது அங்கே சில்லறைக் குற்றம். அது ஒன்று மட்டும் இருந்தால் தடை இல்லை. கைநீட்டி அடித்தது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது இரண்டும் அங்கே 5 வருடம் வரை தண்டனை தரக்கூடியவை. இங்கே ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு முடிந்திருந்தாலும் அங்கே தடையாகும். 5,000 டாலருக்கு மேற்பட்ட மோசடிக்கு அங்கே 14 வருடம் வரை தண்டனை என்பதால், நம் ஊர் 420 வழக்குத் தண்டனை பெரும்பாலும் கடுங்குற்றத்தில் போய் நிற்கும். காசோலை திரும்பிய வழக்கு அப்படி அல்ல. ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்காமலே இங்கே அதற்குத் தண்டனை தர முடியும். கனடாவில் அந்த எண்ணம் தேவை. ஆகவே அதில் வாதாட இடம் இருக்கிறது.

வழக்கு போட்டாலே தண்டனையா?

இல்லை. எஃப்.ஐ.ஆர். என்பது புகாரின் பதிவு. குற்றப்பத்திரிகை என்பது காவல்துறையின் தரப்பு. நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தால்தான் தண்டனை. விடுதலையான வழக்கு, உயர் நீதிமன்றம் ரத்து செய்த வழக்கு, சட்டப்படி சமரசமாகி முடிந்த வழக்கு ஆகியவை தண்டனைக் கணக்கில் சேரா. சிறார் நீதி வாரியம் விசாரித்த வழக்கும் பொதுவாகத் தடை ஆவதில்லை.

ஆனால் கனடாவின் விண்ணப்பப் படிவம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை. எந்த நாட்டிலாவது குற்றம் செய்ததுண்டா, கைதானதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா, தண்டனை பெற்றதுண்டா என்று நான்கையும் சேர்த்துக் கேட்கிறது. விடுதலையானவரும் 'ஆம்' என்று எழுதி, தீர்ப்பு நகலை இணைக்க வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகம் தந்த காவல் தடையின்மைச் சான்றிதழில் எந்தக் குறிப்பும் இல்லை என்பது 'இல்லை' என்று எழுத உரிமை தராது.

மறைத்தால் என்ன ஆகும்?

உண்மையை மறைத்தால் 40-வது பிரிவின்படி 5 வருடத் தடை. அந்தக் காலத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஏஜென்ட்தான் எழுதாமல் விட்டார் என்பது பெரும்பாலும் எடுபடாத சமாதானம். கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் கைரேகை உள்ளிட்ட குடிவரவுத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு நாட்டின் படிவத்தில் ஒப்புக்கொண்டதை இன்னொரு நாட்டில் மறைப்பது தானே போய் வலையில் விழுவதுதான்.

பாதிப்பு ஒருவரோடு நிற்பதும் இல்லை. நிரந்தரக் குடியேற்ற விண்ணப்பத்தில் கணவருக்குத் தடை வந்தால் மனைவி, பிள்ளைகளின் விண்ணப்பமும் சேர்ந்தே விழக்கூடும்.

தடை வந்தால் என்னென்ன வழிகள்?

முதல் வழி, குற்ற ஒப்பீட்டையே கேள்வி கேட்பது. மறுக்கும் முன் அதிகாரி தம் சந்தேகத்தை எழுதிக் கடிதம் அனுப்புவது நடைமுறை. பதில் தரக் குறித்த நாட்கள்தான் இருக்கும். எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பின் சான்றிட்ட நகல், பிரிவின் முழு வாசகம், அபராத ரசீது ஆகியவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு வைத்து, இந்தக் குற்றத்தின் கூறுகள் உங்கள் சட்டத்தின் குற்றத்தோடு பொருந்தவில்லை என்று விளக்கலாம்.

இரண்டாவது, காலமே தரும் மீட்பு. கனடாவில் 10 வருடத்துக்குக் குறைவான அதிகபட்சத் தண்டனை உள்ள ஒரே ஒரு குற்றம், தண்டனை முழுதும் முடிந்து 10 வருடம், இடையில் வேறு தண்டனை இல்லை என்றால், அவர் திருந்தியவராகவே கருதப்படுவார். 2018 டிசம்பர் 18-க்கு முந்தைய குடிபோதை வழக்குக்கும் இது பொருந்தக்கூடும். அதற்குப் பிந்தையது கடுங்குற்றம் என்பதால் எத்தனை வருடம் ஆனாலும் தானாகத் தீராது.

மூன்றாவது, திருந்தியவர் என்று விண்ணப்பித்து ஒப்புதல் பெறுவது. தண்டனை முடிந்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். அபராதம் என்றால் அதைக் கட்டிய நாளிலிருந்து கணக்கு. அந்த ரசீதைத் தொலைத்தவர் தேதியை நிரூபிக்க நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கும். நிலையான வேலை, குடும்பப் பொறுப்பு, மது மீட்புச் சிகிச்சை எடுத்திருந்தால் அதன் சான்று, நடந்ததைப் பூசி மெழுகாமல் சொல்லும் கடிதம் ஆகியவை இதற்கு வேண்டும். கடுங்குற்றத்துக்கான கட்டணம் ஆயிரம் கனடிய டாலரைத் தாண்டும். முடிவு வரவும் பல மாதங்கள் ஆகும். ஆனால் கிடைத்துவிட்டால் அந்தக் குற்றத்துக்கு இது நிரந்தரத் தீர்வு.

நான்காவது, தற்காலிக அனுமதி. 5 வருடம் ஆகவில்லை, ஆனால் போயே தீர வேண்டிய காரணம் உண்டு என்றால் கேட்கலாம். தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். தந்ததைத் திரும்பப் பெறவும் முடியும்.

இவை பலிக்காமல் மறுப்பு வந்தால் கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மறுஆய்வு கோரலாம். வெளிநாட்டில் எடுத்த முடிவுக்கு எதிராக 60 நாள், கனடாவுக்குள் எடுத்த முடிவுக்கு எதிராக 15 நாள்தான் அவகாசம்.

ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள்

டொரன்டோவிலும் ஸ்கார்பரோவிலும் இருக்கும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடையில் பணம் கட்டாமல் பொருளை எடுத்து வந்தது அங்கே சிறு வழக்காக நடந்தாலும், குடிவரவுச் சட்டம் அதைப் பெரிய வழக்காகவே கொள்ளும். தண்டனையானால் கல்வி அனுமதியும் அதற்குப் பின்னான வேலை அனுமதியும் ஆபத்தில். ஆனால் நீதிபதி 'டிஸ்சார்ஜ்' என்று விடுவித்தால் அது தண்டனை ஆகாது. வழக்கறிஞரிடம் முதல் நாளே 'நான் இந்நாட்டுக் குடிமகன் இல்லை' என்று சொல்லிவிடுங்கள். குடிவரவு விளைவையும் மனத்தில் கொண்டு தண்டனையைத் தீர்மானிக்கலாம் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2013-இல் பாம் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் தப்பவில்லை. அதிகபட்சம் 10 வருடமோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றத்தில் தண்டனையானால் வெளியேற்ற நடவடிக்கை வரலாம். கொடுத்த சிறைத் தண்டனை 6 மாதமோ அதற்கு மேலோ என்றால் மேல்முறையீட்டு உரிமையும் போய்விடும்.

ஈழத் தமிழர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஆயுத இயக்கத் தொடர்பு என்ற சந்தேகம் 36-இல் வராது, 34-வது பிரிவில் வரும். அதற்குத் தண்டனையே தேவையில்லை, தொடர்பு உண்டு என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே போதும். மேலே சொன்னவற்றில், காலமே தரும் மீட்பும் திருந்தியவர் என்ற ஒப்புதலும் அதற்குப் பொருந்தா. அகதி வழக்கில் பழகிய வழக்கறிஞர் இல்லாமல் அதில் ஒரு வரியும் எழுத வேண்டாம்.

இங்கேயே செய்ய வேண்டியவை

குற்றத்தை ஒப்புக்கொண்டு பெற்ற தண்டனைக்கு எதிராக நம் சட்டத்தில் முழு மேல்முறையீடு கிடையாது. தண்டனையின் அளவையோ சட்டப்பொருத்தத்தையோதான் எதிர்க்க முடியும். 'ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்' என்ற யோசனையின் உண்மை விலை இதுதான். அடிதடி போன்ற சமரசத்துக்கு உரிய வழக்குகளில் எதிர்த்தரப்போடு பேசி, நீதிமன்றத்தில் முறையாகச் சமரசம் பதிந்தால் அது விடுதலைக்குச் சமம். குடிபோதை வழக்கில் அந்த வழி இல்லை. சான்று பலவீனமாக இருந்தால் வழக்கை நடத்துவதா என்று வழக்கறிஞரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டே மறுக்கப்படலாம். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியோடு குறித்த காலத்துக்குப் பாஸ்போர்ட் பெற 1993-ஆம் ஆண்டு அரசு அறிவிக்கை வழி செய்கிறது. பழைய வழக்கின் எண் தெரியாவிட்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம். கிடைத்ததும் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு வாங்கி வையுங்கள். மிகப் பழைய கோப்புகளை நீதிமன்றங்கள் அழித்துவிடுவதும் உண்டு.

கட்டணம் வாங்கிக்கொண்டு கனடிய குடிவரவு ஆலோசனை தரச் சட்டப்படி உரிமை உள்ளவர்கள், அந்நாட்டு வழக்கறிஞர்கள், அங்கே உரிமம் பெற்ற ஆலோசகர்கள் போன்றவர்கள்தான். உங்கள் ஊர் ஏஜென்டிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். இங்கே உள்ள வழக்குக்கு வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொலைபேசி எண் 15100.

நீதிமன்றப் படியேறும் அன்று அபராதம் எவ்வளவு என்று விசாரிக்கும் முன், ஒப்புக்கொண்டால் அது தண்டனையாகப் பதிவாகுமா என்று கேளுங்கள். விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கேள்வி வரும்போது உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.