அப்டேட் ஆனதும் திரை மினுக்குகிறதா? டிஸ்ப்ளேயை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்!

ராத்திரி மூடி வைக்கும்போது லேப்டாப் நன்றாகத்தான் இருந்தது. ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ கேட்டது, கொடுத்துவிட்டுப் படுத்தார்கள். காலையில் திறந்தால் திரை படபடவென்று துடிக்கிறது. இல்லையென்றால் எழுத்தெல்லாம் யானை சைஸில் நிற்கிறது. அதுவும் இல்லையென்றால் கும்மிருட்டில் மவுஸ் அம்பு மட்டும் மிதக்கிறது. பத்து மணிக்குள் மகள் புராஜெக்ட் அனுப்ப வேண்டும். அப்பா லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடுகிறார். அங்கே பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். “டிஸ்ப்ளே போயிடுச்சு சார், மாத்தணும்” என்பது ஒன்று. “ஃபார்மேட் போட்டாத்தான் சரியாகும்” என்பது இன்னொன்று. முதல் பதிலுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். இரண்டாவதுக்குப் பணம் குறைவுதான். ஆனால் காப்பி எடுக்காமல் செய்தால் புராஜெக்ட்டோடு சேர்ந்து அக்கா கல்யாண போட்டோக்களும் போய்விடும்.

அப்டேட் என்பது மென்பொருள். அது கண்ணாடியில் விரிசல் விடாது, உள்ளே ஓடும் ஒயரை அறுக்காது. அதனால் அப்டேட் முடிந்த கையோடு தொடங்கும் திரைக் கோளாறில் முதல் சந்தேகம் டிஸ்ப்ளே மேல் விழக் கூடாது. சந்தேகப்பட வேண்டியது ‘டிரைவர்’ எனப்படும் ஒரு சின்ன மென்பொருளை.

விண்டோஸ் ஒரு மொழி பேசுகிறது, திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் சிப் வேறு மொழி பேசுகிறது. நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர்தான் டிரைவர். அப்டேட்டில் விண்டோஸின் பேச்சு கொஞ்சம் மாறுகிறது. மொழிபெயர்ப்பாளர் கையில் பழைய அகராதியே இருந்தால் தடுமாறுகிறார். சில சமயம் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். லேப்டாப் கம்பெனி தன் மாடலுக்கென்று போட்டுக் கொடுத்த டிரைவரை எடுத்துவிட்டு, விண்டோஸ் அப்டேட் தன்னிடமுள்ள வேறொரு டிரைவரை உட்கார வைத்துவிடும். கிராபிக்ஸ் சிப் சுமார் 2 விநாடி பதில் சொல்லாமல் இருந்தால், விண்டோஸ் பொறுமையிழந்து டிரைவரை நிறுத்தி மறுபடி தொடங்கும். திரை ஒரு கணம் இருண்டு திரும்ப வருவது பல நேரம் இதனால்தான்.

மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்காவில் அப்போது காலை, நம் ஊரில் இரவு பத்தரை, பதினொன்றரை. எனவே நமக்கு விடிவது புதன்கிழமைச் சிக்கலாக! போதாததற்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஐந்தாறு வருடப் பழைய லேப்டாப்பை விண்டோஸ் 11-க்கு மாற்றிய வீடுகள் நிறைய. இயந்திரம் பழையது, விண்டோஸ் புதியது, டிரைவர் மட்டும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

குற்றவாளி யார்? காசில்லாத நான்கு சோதனைகள்

கடைக்காரர் சொல்வதற்கு முன் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஸ்குரூ டிரைவர் தேவையில்லை.

முதலில், லேப்டாப்பை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். கம்பெனி லோகோ வருகிறதே, அந்த நேரத்தில் விண்டோஸ் இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை. அங்கேயே கோடு விழுந்தாலோ திரை துடித்தாலோ, அப்டேட்டின் மேல் பழி போட முடியாது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அது. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கச் சாய்க்கக் கோளாறு மாறினால், கீல் வழியாகப் போகும் மெல்லிய கேபிள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். லோகோ தெளிவாக வந்து, விண்டோஸ் உள்ளே போனபிறகுதான் கோளாறு ஆரம்பிக்கிறது என்றால் சந்தேகம் டிரைவர் பக்கம் திரும்புகிறது.

இரண்டாவது சோதனை ரொம்ப எளிது. கோளாறு தெரியும்போதே ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வாட்ஸ்அப்பில் உங்கள் போனுக்கு அனுப்புங்கள். போனிலும் அதே கோடும் சிதறலும் தெரிந்தால், படம் உருவாகும் இடத்திலேயே தப்பு, அதாவது மென்பொருள் அல்லது கிராபிக்ஸ். போனில் படம் பளிச்சென்று இருந்தால், படம் நன்றாக உருவாகி, திரைக்குப் போகும் வழியில் கெடுகிறது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. மினுக்கல் மாதிரியான சில டிரைவர் கோளாறுகள் ஸ்க்ரீன்ஷாட்டில் சிக்காது.

அதனால் மூன்றாவதாக, வீட்டு டி.வி-யைப் பயன்படுத்துங்கள். செட்டாப் பாக்ஸின் ஹெச்.டி.எம்.ஐ கேபிளைக் கழற்றி லேப்டாப்பில் செருகி, விண்டோஸ் கீயோடு ‘பி’ எழுத்தை அழுத்தினால் எந்தத் திரையில் காட்டுவது என்று கேட்கும். ‘டூப்ளிகேட்’ கொடுங்கள். டி.வி-யில் படம் சுத்தமாக இருந்து லேப்டாப்பில் மட்டும் கோடு என்றால் பேனல், கேபிள் பக்கம் பாருங்கள். இரண்டிலும் ஒரே கோளாறு என்றால் பேனலை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை. புது டிஸ்ப்ளே போட்டும் பழைய மினுக்கலே வரும்.

நான்காவது, மைக்ரோசாஃப்டே சொல்லித் தரும் சோதனை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மற்றதெல்லாம் மினுக்கும்போது டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து மினுக்கினால் டிரைவர்தான் காரணம். அது மட்டும் அசையாமல் நின்றால், ஏதோ ஒரு செயலி புது விண்டோஸோடு ஒத்துப்போகவில்லை. ஆன்டிவைரஸ், அசையும் வால்பேப்பர், பழைய ஆடியோ மென்பொருள் என்று ஒவ்வொன்றாக அப்டேட் செய்தோ நீக்கியோ பார்க்க வேண்டும்.

சில விநாடி வைத்தியம்

டிரைவர்தான் என்று தெரிந்துவிட்டதா? விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், ‘பி’ ஆகிய நான்கையும் ஒருசேர அழுத்துங்கள் (இது ஆங்கில அகரவரிசையின் இரண்டாவது எழுத்து, டி.வி-க்குச் சொன்னது ‘பேப்பர்’ என்பதில் வரும் எழுத்து). திரை ஒரு கணம் இருண்டு, ‘பீப்’ சத்தத்தோடு திரும்ப வரும். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. திறந்து வைத்த வேர்ட் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. கறுப்புத் திரையிலும் இதை முயலலாம்.

மவுஸ் அம்பு மட்டும் தெரியும் கறுப்புத் திரையில், டாஸ்க் மேனேஜர் திறந்தால் பாதி வெற்றி. அதில் ‘ரன் நியூ டாஸ்க்’ கொடுத்து, ஆங்கிலத்தில் ‘எக்ஸ்ப்ளோரர்’ என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். டெஸ்க்டாப் வந்துவிடக்கூடும்.

எழுத்து பெரிதாகி, பிரைட்னஸையும் கூட்டிக் குறைக்க முடியவில்லையா? ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ பகுதியைப் பாருங்கள். அங்கே ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால், உங்கள் சிப்புக்கான டிரைவர் காணாமல் போய், ஒப்புக்குச் சப்பாணியாக ஒன்று வேலை பார்க்கிறது என்று அர்த்தம். சிப்பின் பெயர் சரியாக இருந்தால், ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ரெசல்யூஷன், ஸ்கேல் ஆகியவை மாறியிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். திரை மஞ்சளாகத் தெரிந்தால் ‘நைட் லைட்’, வெளிறித் தெரிந்தால் ‘ஹெச்.டி.ஆர்’ ஆன் ஆகியிருக்கும்.

இன்னொரு விசித்திரமான மினுக்கல் உண்டு. சார்ஜர் செருகியிருக்கும்வரை திரை சமர்த்தாக இருக்கும், கழற்றியதும் துடிக்க ஆரம்பிக்கும். இன்டெல் கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் இப்படி நடந்தால், இன்டெல்லின் கிராபிக்ஸ் செயலியில் பவர் பகுதிக்குப் போய், பேட்டரிக்குக் கீழே உள்ள ‘பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ்’ என்பதை அணைத்துப் பாருங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க வைத்த வசதி அது. அதனாலேயே பேனல் நன்றாக இருந்தும் திரை மினுக்குவது உண்டு.

பழைய டிரைவருக்குத் திரும்ப, டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் பெயரை ரைட் கிளிக் செய்து, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போய், ‘டிரைவர்’ பக்கத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’ அழுத்த வேண்டும். அது மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழைய டிரைவர் இல்லை. அப்போது லேப்டாப் கம்பெனியின் அதிகாரபூர்வத் தளத்தில், அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கூகுளில் ‘டிஸ்ப்ளே டிரைவர் டவுன்லோடு’ என்று தேடினால், முதலில் கண்ணில் படுபவை ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்’ என்று கூவும் தளங்கள். சிலவற்றில் ‘கஸ்டமர் கேர்’ என்று ஒரு போன் நம்பரும் இருக்கும். கூப்பிட்டால் இனிமையாகப் பேசி, கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே இயக்கும் செயலியைப் போடச் சொல்வார்கள். பேங்க் கணக்கு வரை அவர்கள் கைக்குப் போய்விடும். இப்படி டெக் சப்போர்ட் பெயரில் ஏமாற்றுபவர்கள் மீது மைக்ரோசாஃப்ட், அமேசான் கொடுத்த புகார்களின் பேரில் 2023 அக்டோபரில் சி.பி.ஐ ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

அப்டேட்டையே திருப்பி அனுப்புவது

டிரைவரை மாற்றியும் சரியாகவில்லை என்றால், ‘செட்டிங்ஸ் - விண்டோஸ் அப்டேட் - அப்டேட் ஹிஸ்டரி’ போய், கோளாறு தொடங்கிய தேதியில் வந்ததைப் பாருங்கள். பெயரோடு ‘கே.பி’ என்று தொடங்கும் எண் இருக்கும். குறித்துக்கொண்டு, அதே பக்கத்தின் கீழே ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ மூலம் நீக்கலாம். அதற்கு முன் அந்த எண்ணை இணையத்தில் தேடினால், மைக்ரோசாஃப்டே ‘தெரிந்த கோளாறு’ என்று ஒப்புக்கொண்டிருப்பது சில சமயம் கண்ணில் படும். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பில் ‘ஆட்டோ ஹெச்.டி.ஆர்’ வசதியால் சில கேம்களில் நிறங்கள் தப்பாகத் தெரிந்தன. அந்த வசதி ஆன் செய்யப்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட்டையே மைக்ரோசாஃப்ட் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது.

இப்படி வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு என்றால், ‘ரெகவரி’ பகுதியில் ‘கோ பேக்’ இருக்கும். அவகாசம் பொதுவாக 10 நாள்தான். இந்த நாள்களில் ‘இடம் காலி செய்கிறேன்’ என்று கிளீனர் ஓட்டினால் பழைய விண்டோஸும் அழிந்து, திரும்பும் வழி அடைபட்டுவிடும். நீக்கிய கையோடு அப்டேட்டை ஓரிரு வாரம் ‘பாஸ்’ செய்து வைக்க வேண்டும். இல்லையென்றால் அதே அப்டேட் மறுபடி வந்து நிற்கும். நிரந்தரமாக நிறுத்தி வைப்பது ஆபத்து. வைரஸ்களுக்குப் பூட்டு போடும் திருத்தங்களும் அதே வழியாகத்தான் வருகின்றன.

நீல நிறத் திரையும் 48 இலக்கங்களும்

திரையில் ஒன்றுமே தெரியாவிட்டால் சேஃப் மோடுதான் வழி. விண்டோஸ் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால், பழுது பார்க்கும் மெனு தானாக வரும். ‘ட்ரபிள்ஷூட் - அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் - ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 4 என்ற எண்ணை அழுத்த வேண்டும். சேஃப் மோடில் அடிப்படை டிரைவர்தான் ஓடும். அங்கே படம் நிதானமாக நின்றால் பேனல் நன்றாக இருக்கிறது. டிரைவரை அங்கிருந்தே நீக்கலாம்.

இந்த வழியில் போகும் முன் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் முழுக்கப் பூட்டப்பட்டுவிடுகிறது. பிட்லாக்கர் என்று பெயர். அன்றாடம் அது இருப்பதே தெரியாது. பழுது பார்க்கும் மெனுவுக்குள் போகும்போது நீல நிறத் திரை எழுந்து, 48 இலக்க எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் ஃபைல்களைத் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்டாலும் அதை மீட்டுத்தர முடியாது.

போன் பிரவுசரில் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், ‘டிவைசஸ்’ பகுதியில் லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் அந்த ரெகவரி கீ கிடைக்கும். ஆனால் எந்தக் கணக்கு? நம் வீடுகளில் பெரிய கேள்வி இதுதான். வாங்கிய அன்று செட்டப் செய்துகொடுத்தது கடைப் பையனாக இருக்கலாம், லீவுக்கு வந்திருந்த பெரியப்பா மகனாக இருக்கலாம். அவர் மின்னஞ்சலைப் போட்டிருந்தால் கீயும் அவரிடம்தான் இருக்கும். லேப்டாப் நன்றாக ஓடும் இன்றைக்கே, ‘செட்டிங்ஸ் - அக்கவுன்ட்ஸ்’ பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து, அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள்.

எல்லாம் செய்தும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், முதலில் வாரன்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போவது நல்லது. வெளியில் திறந்தால் வாரன்டியில் சிக்கல் வரலாம். வெளிக்கடை என்றால், உங்கள் கண் முன்னே வேறொரு மானிட்டரை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபார்மேட் என்று பேச்சு வந்தால், ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, நான்கைந்து ஃபைலைத் திறந்து பார்த்தபிறகே சம்மதம் சொல்லுங்கள். டிஸ்ப்ளே மாற்றியே ஆக வேண்டும் என்றால், போடப்போகும் பேனலின் மாடல் எண்ணையும் அதற்கு எத்தனை மாத கேரன்ட்டி என்பதையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.