கழுத்து வலி வினாப்படிவம் மொழி மாறும்போது

இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. வலியை அளக்க அத்தகைய கருவி இல்லை. நோயாளி கூறும் விடையே அளவுகோல். ஆகவே கேள்வி தெளிவாக இல்லையெனில் அளவும் பிழையாகும்.

கழுத்து வலியால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளது என்பதை அறிய, 'கழுத்து இயலாமைக் குறியீடு' என்னும் வினாப்படிவம் உலகெங்கும் பயன்படுகிறது. ஹோவர்ட் வெர்னான், சில்வானோ மியோர் ஆகிய இருவரும் இதனை 1991ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்டனர். வலியின் கடுமை, தன் பராமரிப்பு, பளு தூக்குதல், வாசிப்பு, தலைவலி, மனம் ஒன்றுதல், வேலை, வாகனம் ஓட்டுதல், உறக்கம், பொழுதுபோக்கு என 10 பகுதிகள் இதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 50. மதிப்பெண் கூடக்கூட இயலாமையும் கூடுதல் எனக் கொள்ளப்படும்.

மொழிபெயர்த்தால் மட்டும் போதுமா?

ஹவுசா, வட நைஜீரியாவிலும் நைஜர் நாட்டிலும் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி. ஆங்கிலம் அறியாத ஹவுசா நோயாளிக்குப் பணியாளர் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் கேள்வியை மொழிபெயர்த்துக் கூறினால், இன்றைய மதிப்பெண்ணைச் சென்ற மாத மதிப்பெண்ணோடு ஒப்பிட இயலாது. சிகிச்சை பலனளிக்கிறதா என்பதும் புலப்படாது.

சொற்களிலும் சிக்கல் உண்டு. ஹவுசாவில் 'வுயா' என்றே எழுதப்படும் சொல் கழுத்தையும் குறிக்கும், துன்பத்தையும் குறிக்கும். பேசும்போது ஒலியின் ஏற்ற இறக்கம் பொருளைப் பிரித்துக் காட்டும். வழக்கமான எழுத்தில் அது குறிக்கப்படுவதில்லை. எனவே வாக்கியத்தை ஐயத்திற்கு இடமின்றி அமைத்தல் வேண்டும்.

வாழ்க்கை முறையும் கருதத்தக்கது. வாகனமே ஓட்டாதவர் அந்தக் கேள்விக்கு என்ன விடையளிப்பார்? எழுதப்படிக்க அறியாதவர் வாசிப்புப் பகுதியை எவ்வாறு நிரப்புவார்? தலையில் சுமை சுமப்போருக்குப் 'பளு தூக்குதல்' என்பதன் பொருளே வேறு. அதே சமயம் கேள்வியை மிகுதியாக மாற்றிவிட்டால், பிற மொழி மதிப்பெண்களோடு ஒப்பிடும் வசதி போய்விடும். இவ்விரண்டிற்கும் இடையே சமநிலை காண்பதே தகவமைப்புப் பணி.

பணி நடைபெறும் முறை

1. ஹவுசாவைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பர். ஒருவர் மருத்துவப் பொருளை அறிந்தவர், மற்றவர் அறியாதவர்.
2. இரண்டும் ஒப்பிடப்பட்டு ஒரே வடிவமாக்கப்படும்.
3. மூலத்தைப் பார்த்திராத வேறு இருவர் அதனை மீண்டும் ஆங்கிலத்திற்கு மாற்றுவர். பொருள் திரிந்த இடங்கள் இதில் வெளிப்படும்.
4. வல்லுநர் குழு ஒவ்வொரு சொல்லையும் ஆராய்ந்து முடிவு செய்யும்.
5. நோயாளிகள் 30 முதல் 40 பேரிடம் படிவத்தைக் கொடுத்து, கேள்வியை எவ்வாறு புரிந்துகொண்டனர் எனக் கேட்டறிவர்.

பின்னர் நம்பகத்தன்மை சோதிக்கப்படும். நிலை மாறாத நோயாளி சில நாட்கள் கழித்து மீண்டும் நிரப்பினால் ஏறத்தாழ அதே மதிப்பெண் வரவேண்டும்.

விடுபட்ட விடையின் விளைவு

வாகனம் ஓட்டாத ஒருவர் அப்பகுதியை விட்டுவிட்டு, மற்ற 9 பகுதிகளில் 18 மதிப்பெண் பெறுகிறார் என்போம். விடுபட்டதைப் பூஜ்யமாகக் கொண்டால் 50க்கு 18, அதாவது 36 விழுக்காடு. விடையளித்தவற்றை மட்டும் கணக்கிட்டால் 45க்கு 18, அதாவது 40 விழுக்காடு. முதல் முறையில் அவருடைய துன்பத்தில் ஒரு பங்கு கணக்கில் வராமலே போகிறது.

நோயாளிகளும் உடனிருப்போரும் கவனிக்க வேண்டியவை

எம்மொழிப் படிவமாயினும், புரியாத கேள்வியை ஊகித்து நிரப்ப வேண்டாம், விளக்கம் கேளுங்கள். தங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தாத கேள்வியாயின் அதனைத் தெரிவியுங்கள். உடனிருப்போர் கேள்வியைப் படித்துக் காட்டலாம். விடையை நோயாளியே கூறட்டும். வலியை அறிந்தவர் அவரே.