உங்களுக்குத் தெரியுமா? சீரியல் முதல் செல்போன் வரை

சினிமா, சீரியல் பற்றி வீட்டில் பேசினால் வெட்டிப் பேச்சு. அதையே பல்கலைக்கழகத்தில் பேசினால் முனைவர் பட்டம். ஆசியாவின் வானொலியையும் டிவியையும் செல்போனையும் பல ஆண்டுகளாகத் துருவிய ஆய்வாளர்களின் ஆய்வுகளிலிருந்து சில துணுக்குகள். இவற்றில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ஒளிபரப்பியவர் நினைத்தது ஒன்று, பார்த்தவர் எடுத்துக்கொண்டது வேறு.

★ 1956-ல் மகாராஷ்டிரத்தின் ஐந்து மாவட்டங்களில், சுமார் 150 கிராமங்களில் ‘வானொலி மன்றம்’ தொடங்கினார்கள். யுனெஸ்கோ கைகொடுத்தது, அகில இந்திய வானொலி நடத்தியது. ஊருக்கு இருபது பேர் வரை கூடுவார்கள். விவசாயம், சுகாதாரம், பஞ்சாயத்து என்று அரை மணி நேர நிகழ்ச்சி. முடிந்ததும் விவாதம். விளைவை அளந்தவர் பால் நியூராத் என்ற சமூகவியலாளர். அவர் மன்றம் உள்ள ஊர்களோடு நிற்கவில்லை. ரேடியோ இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களையும், ரேடியோவே இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டார். மன்றம் இருந்த ஊர்க்காரர்கள்தான் விஷயங்களை வெகுவாகத் தெரிந்துகொண்டிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் அடக்கம். ரேடியோப் பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் அந்த அளவு மாற்றம் இல்லை.

★ அமெரிக்காவின் நாசா ஒரு செயற்கைக்கோளையே இந்தியாவுக்கு ஓராண்டு இரவல் கொடுத்தது! 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்த அந்தச் சோதனையின் பெயர் ‘சைட்’. ஆந்திரம், கர்நாடகம், ஒடிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்கள். கோழிக்கூண்டுக்குப் போடுகிற கம்பிவலையால் செய்த மூன்று மீட்டர் அகல டிஷ் ஆன்டெனா. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்குமாக நாளுக்கு நான்கு மணி நேர நிகழ்ச்சி.

இதில் எனக்குப் பிடித்தது ராக்கெட் சமாச்சாரம் அல்ல. இஸ்ரோ, பொறியாளர்களோடு மானிடவியலாளர்களையும் வேலைக்கு எடுத்தது. அவர்கள் கிராமங்களிலேயே மாதக்கணக்கில் தங்கி, யார் முன்வரிசையில் உட்காருகிறார்கள், யார் பாதியில் எழுந்து போகிறார்கள் என்று குறித்தார்கள். ஆரம்பத்தில் முண்டியடித்த கூட்டம் புதுமை தீர்ந்ததும் வடிந்தது. சோதனை முடிந்ததும் நாசா செயற்கைக்கோளைத் திருப்பி எடுத்துக்கொண்டது. ஒரு வருடம் டிவி பார்த்துப் பழகிய ஊர்களில் அதற்குப் பிறகு என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கே தனி ஆய்வு நடத்தியிருக்கலாம்.

அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆனால் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் அதே 1975 ஆகஸ்டில், 15-ஆம் தேதி, தன் வழியில் தொடங்கிவிட்டது. ‘சைட்’ ஒளிபரப்பைப் பார்க்க இந்தியாவுக்கு வெளியே ஒரு வீட்டிலும் இஸ்ரோ பொறியாளர்கள் டிஷ் பொருத்திக் கொடுத்தார்கள். கொழும்பில் குடியிருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீடு அது. செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று 1945-லேயே எழுதியவருக்கு அந்த மரியாதை தகும்.

★ தூர்தர்ஷனின் முதல் நெடுந்தொடர் ‘ஹம் லோக்’ 1984-85-ல் 156 பகுதிகள் ஓடியது. குடும்பக் கட்டுப்பாடு, பெண்கள் முன்னேற்றம் ஆகியவற்றைக் கதைக்குள் வைத்துச் சொல்ல வேண்டும் என்பது திட்டம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பழம்பெரும் நடிகர் அசோக் குமார் வந்து கதையின் நீதியை எடுத்துச் சொல்வார். பார்த்தவர்கள் எழுதிய கடிதங்கள் சுமார் 4 லட்சம்! அர்விந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் கடிதங்களையும் ஆராய்ந்தார்கள், ரசிகர்களையும் பேட்டி கண்டார்கள். கதையில் பாகவந்தி என்றொரு அம்மா. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு வாழ்கிறவள். ‘இப்படி இருக்காதீர்கள்’ என்று காட்டத்தான் அவளைப் படைத்தார்கள். ஆனால் பார்த்தவர்களில் கணிசமானோர், பெண்களும் சேர்த்துத்தான், ‘பாகவந்தி மாதிரி இருக்க வேண்டும்’ என்றார்கள். நம் சீரியல் மாமியார்களையும் மருமகள்களையும் எழுதுகிறவர்கள் இதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

★ ஜப்பானின் ‘ஓஷின்’ தொடர் 1983-84-ல் 297 பகுதிகள் வந்தது. ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே வேலைக்கு அனுப்பப்பட்டு, கடைசியில் பல கடைகளுக்கு முதலாளியாகும் பெண்ணின் கதை. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. ஈரானில் அதற்குக் கிடைத்த வரவேற்பு வினையானது. 1989-ல் வானொலிப் பேட்டி ஒன்றில் ஒரு பெண், இன்றைய பெண்களுக்கு முன்மாதிரி நபிகளின் மகளார் அல்ல, ஓஷின்தான் என்கிற பொருளில் பேசிவிட்டார். நாட்டின் உச்சத் தலைவர் அயத்துல்லா கொமேனி கொதித்துப்போனார். வானொலி அதிகாரிகள் சிலருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு மன்னிப்பு வழங்கப்பட்டது.

★ 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாடல்கள் மறைந்தன. கேட்கிறவர்கள் ரசனையை மாற்றிக்கொள்ளவில்லை, ஸ்டேஷனை மாற்றிக்கொண்டார்கள். இலங்கை வானொலிக்கு இந்தியா முழுக்க நேயர்கள் குவிந்தார்கள். இந்தியில் அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ என்றால், தமிழில் எஸ்.பி. மயில்வாகனனின் குரல். 1957 அக்டோபரில் டெல்லி இறங்கிவந்து ‘விவித பாரதி’யைத் தொடங்கியது. எல்லைகளைத் தாண்டிய இந்த வானொலி வரலாற்றை இசபெல் உவாகுஹா அலோன்சோ 2023-ல் ஒரு நூலாக எழுதியிருக்கிறார்.

★ தமிழ் சினிமாவையும் அரசியலையும் சேர்த்து ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவரான தியடோர் பாஸ்கரன் பேராசிரியராக இருந்தவர் அல்ல, அஞ்சல் துறை அதிகாரி! நாடக மேடை, இசைத்தட்டு, ஊமைப்படம் எல்லாம் விடுதலைப் போராட்டத்துக்கு எப்படி உதவின என்று சொல்லும் அவரது நூலை 1981-ல் க்ரியா வெளியிட்டது. அதே ஆண்டு கார்த்திகேசு சிவத்தம்பியும் தமிழ்ப் படத்தை ஓர் அரசியல் ஊடகமாக வைத்து எழுதினார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பிரித்துப் பார்த்தது 1992-ல்.

★ ஜப்பானில் 1953-ல் தனியார் டிவி தொடங்கியபோது பெட்டி வாங்கப் பெரும்பாலோரிடம் காசில்லை. அதனால் ரயில் நிலைய முகப்புகளிலும் தெருமுனைகளிலும் டிவியை வைத்தார்கள். அமெரிக்க மல்யுத்த வீரர்களைத் தூக்கியடித்த ரிக்கிடோசானைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. போரில் தோற்ற நாட்டுக்கு அது பெரிய ஆறுதல். அந்த ‘ஜப்பானிய’ வீரர் பிறந்தது கொரியாவில். அப்போது அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள்.

★ செல்போன் வந்தால் மீன் விலை என்னாகும்? இதற்காகவே ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் வட கேரளத்தின் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் பதினைந்து கடற்கரைச் சந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார். 1997 ஜனவரி 14, காலை மணி 7.45. வடகரைக் கரையில் பதினோரு மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மத்தியைக் கொட்டிவிடத் தயாராக நிற்கிறார்கள். அதே நேரம் பதினைந்து கிலோமீட்டருக்குள் வேறு இரண்டு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்புகிறார்கள். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது.

செல்போன் வந்தது. மீனவர்கள் படகிலிருந்தே விலை கேட்டார்கள். கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் பெருமளவு மறைந்தது, மீன் வீணாவது நின்றது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. 2007-ல் வந்த இந்தக் கட்டுரையை உலகமே மேற்கோள் காட்டியது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜானகி ஸ்ரீனிவாசன், ஜென்னா பரல் இருவரும் கேரளக் கரைகளுக்கு மறுபடி போனார்கள். படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்த ஏலக்காரரை விட்டுவிட்டு, நல்ல விலை கிடைக்கிறது என்று அடுத்த கரைக்குப் போக எல்லா மீனவராலும் முடியுமா என்ன? கடன் இருக்கிற இடத்தில் கையில் போன் இருந்து மட்டும் பயனில்லை என்கிற பக்கத்தை 2013-ல் அவர்கள் எழுதினார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நல்லது. கட்டுரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

★ அதே ஜென்சன், எமிலி ஆஸ்டருடன் சேர்ந்து கேபிள் டிவியையும் ஆராய்ந்தார். பீகார், டெல்லி, கோவா, ஹரியானா, தமிழ்நாடு ஆகிய ஐந்து இடங்களில் 180 கிராமங்கள், 2001 முதல் 2003 வரை. சொல்லாமல் வெளியே போனால் மனைவியை அடிக்கலாமா என்பது போன்ற கேள்விகள். கேபிள் நுழைந்த ஊர்களில் ‘அடிக்கலாம்’ என்று சொன்ன பெண்களின் எண்ணிக்கை குறைந்தது, ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற பிடிவாதமும் தளர்ந்தது. டிவி பார்த்து, கேட்க வந்தவருக்குப் பிடித்த மாதிரி பதில் சொல்லக் கற்றுக்கொண்டிருப்பார்களோ? அந்தச் சந்தேகம் ஆய்வாளர்களுக்கே வந்தது. அதனால்தான் பிள்ளைப்பேறு, பள்ளிச் சேர்க்கைக் கணக்குகளையும் பார்த்தார்கள். ஊரெல்லாம் திட்டுகிற சீரியல்கள்தான் அப்போது கேபிளில் ஓடிக்கொண்டிருந்தன என்பதையும் நினைவில் வையுங்கள்.

★ 2001 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் அதிபர் ஜோசப் எஸ்த்ராதா பதவி இழந்ததற்கு எஸ்.எம்.எஸ்.தான் காரணம் என்றார்கள். கறுப்புச் சட்டை போட்டு மணிலாவின் எட்சா சாலைக்கு வா என்று செல்லுக்குச் செல் செய்தி பறந்தது உண்மை. ஆனால் வரலாற்றாசிரியர் விசென்டே ரஃபாயெல், செல்போனை நம்பிய நடுத்தர வர்க்கத்தின் கனவைத்தான் அதில் பார்த்தார். சில மாதங்களில் அதே எட்சாவுக்கு எஸ்த்ராதாவை ஆதரித்து ஏழைகள் திரண்டு வந்தபோது, முந்தைய கூட்டத்தை வாழ்த்தியவர்கள் முகம் சுளித்தார்கள்.

★ வாட்ஸாப், பேஸ்புக்கைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் எப்படிப் பயன்படுத்துகின்றன? சென்னைக்கு அருகே ‘பஞ்சகிராமி’ என்ற ஊரில் தங்கி ஸ்ரீராம் வெங்கட்ராமன் எழுதிய ஆய்வு 2017-ல் வெளியானது. கூகுள் மேப்பில் அந்த ஊரைத் தேட வேண்டாம், கிடைக்காது. ஊர்க்காரர்கள் அடையாளம் தெரியாமலிருக்க வைத்த புனைபெயர் அது. புத்தகத்தை மட்டும் லண்டன் யுசிஎல் பதிப்பகம் இலவசமாகவே இறக்கிக்கொள்ளத் தருகிறது.