திரையில் மோதும் விமானம் ஏன் உடைவதில்லை?

வீட்டுக் கணினியில் முதன்முறையாக விமானத்தைத் தரையில் மோதியபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இறக்கை முறியவில்லை, தீப்பிடிக்கவில்லை. திரை இருண்டது, மோதிவிட்டேன் என்றொரு அறிவிப்பு வந்தது. பொத்தானை அழுத்தியதும் மீண்டும் ஓடுபாதையில் நின்றேன்.

அது 2020 ஓகஸ்ட் மாதம் வெளிவந்த மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேட்டர். பிங் வரைபடத்தின் செய்மதிப் படங்களையும் வான்படங்களையும் கொண்டு அது உலகம் முழுவதையும் திரைக்குக் கொண்டுவருகிறது. கட்டடங்களின் உயரத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் என்ற பொது வரைபடத்தின் தரவுகளும் பயன்பட்டன. அதில் ஒருவர் 2 மாடி என்பதற்குப் பதிலாக 212 எனப் பதிந்துவிட, மெல்பேர்ண் புறநகரில் 212 மாடிக் கோபுரம் ஒன்று முளைத்தது! காட்சியின் உண்மை, தரவின் உண்மையளவுதான்.

பறத்தல் வேறு கணக்கு. எக்ஸ்-பிளேன் என்ற மென்பொருள் இறக்கையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் விசையை நொடிக்குப் பலமுறை கணிக்கிறது. விமானம் உடைவதையும் காட்டுவதென்றால், எந்தப் பாகம் எந்த விசையில் முறியும், முறிந்தபின் மீதி எப்படிப் பறக்கும் என்பதையும் கணிக்க வேண்டும்.

எதைக் காட்டுவது என்பது தொழில்நுட்பத்தை மட்டும் பொறுத்ததல்ல. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பின், தனது 2002 பதிப்பிலிருந்து நியூயோர்க் இரட்டைக் கோபுரங்களை மைக்ரோசொப்ட் நீக்கியது.

இப்போதெல்லாம் மோதினால் நான் உடனே மீண்டும் தொடங்குவதில்லை. வேகத்திலா, உயரத்திலா, எங்கே பிழைவிட்டேன் என்று முதலில் எழுதிவைக்கிறேன். சேதத்தைத் திரை காட்டாதபோது, அதை நினைத்துப் பார்ப்பது என் வேலை.