மணியடிக்கும் பூட்டு

எங்கள் தறிக்கூடத்துப் பழைய பூட்டு, ஓங்கி ஒரு தட்டு தட்டினால் சாவியில்லாமலே வாய் திறந்துவிடும் நிலைக்கு வந்துவிட்டது. அதைச் சாக்காக வைத்துத் திண்டுக்கல்லுக்கு இரவுப் பேருந்து ஏறினேன். பூட்டு வாங்குவது ஒரு வேலைதான். ஆனால் பூட்டு பிறக்கும் இடத்தை ஒரு தடவையாவது எட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை!

திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் வீட்டில் நகையைவிடத் தறிக்குத்தான் காவல் அதிகம். தறியில் ஏறியிருக்கும் பாவு எங்களுடையது அல்ல. பட்டும் ஜரிகையும் முதலாளி நம்பிக் கொடுத்தவை. வெள்ளியிழையில் தங்கம் ஏற்றிய ஜரிகைக் கட்டு ஒன்று காணாமல் போனால், பல சேலை நெய்த கூலி அதோடு போய்விடும். அதனால் ஊருக்குப் போகும்போதும் அப்பாவின் இடுப்பில் தறிக்கூடத்துச் சாவி இருக்கும்.

நாகல் நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி என்று திண்டுக்கல்லைச் சுற்றிப் பட்டறைகள் சிதறிக் கிடக்கின்றன. நான் போனது ஒரு சந்துக்குள். குனிந்து வாருங்கள், நிலை உயரம் குறைவு. செருப்பைக் கழற்ற வேண்டாம். தரையெல்லாம் இரும்புத் துருவல். "பாத்து வா தாயி" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வருகிறது. முகம் தெரிய ஒரு நிமிஷம் ஆகிறது.

ஆஹா, என்ன ஓர் இரைச்சல்! நான்கு பேர் நான்கு அரத்தால் தேய்க்கிறார்கள். மூலையில் மூடி போடாத பூட்டுக் கூடுகள் குவிந்திருக்கின்றன, உரித்துப் போட்ட பலாச்சுளைக் கூடு மாதிரி. பழனி முருகன் காலண்டர், எண்ணெய்க் கறை படிந்த ரேடியோ, பித்தளைத் தகடுகளுக்கு நடுவே பாதி குடித்த டீ கிளாஸ். மின்விசிறி இருக்கிறது, துருவல் பறந்து கண்ணில் விழும் என்று அதைப் போடுவதில்லை. பனியனைப் பிழிந்தால் ஒரு செம்பு வியர்வை வரும்.

பெரியவர் ஒருவர் சாவிக்குப் பல் வெட்டிக்கொண்டிருந்தார். அளவுகோல் எதுவும் இல்லை. டியூப்லைட்டுக்கு எதிரே சாவியைத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார், இரண்டு இழுப்பு அரம் போடுகிறார், பூட்டில் விட்டுத் திருகுகிறார். மறுபடி டியூப்லைட். பூட்டுக்குள் லீவர்கள் என்ற பித்தளைத் தகடுகள் அடுக்கி இருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். எனக்குச் சட்டென்று எங்கள் தறியின் ஜக்கார்டு நினைவுக்கு வந்தது. அங்கே அட்டை சொல்கிற இழை மட்டும் மேலே எழும். இங்கே பல் சொல்கிற தகடு. சொன்னேன். "அப்ப நீயும் பூட்டுக்காரிதான்" என்றார் பெரியவர். அன்று முழுக்க அந்த ஒரு சொல்லிலேயே மிதந்தேன்.

மதியம் ஒரு கூத்து. ஒரு தம்பியின் தூக்குவாளிப் பிடியில் யாரோ ஒரு பூட்டை மாட்டிவிட்டார்கள். சாவி பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் திருகினால் திறக்காது. எங்கேயோ ஒரு கள்ளப் பொத்தான். அதை அழுத்தினால்தான் சாவி வேலை செய்யும். சாம்பார் ஆறுகிறது, மூன்று பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சோற்றில் கண்ணாக இருக்கிறார்கள். கடைசியில் பொத்தான் ஓர் ஆணித் தலையாக வேஷம் போட்டிருந்தது தெரிந்தது. "டக்" என்று திறந்ததும் ஒரே கைதட்டல். வீட்டிலிருந்து வந்த அப்பளத்தை அந்தத் தம்பி எனக்கும் ஒடித்துக் கொடுத்தான்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகரிலிருந்து இயந்திரத்தில் அடித்து வரும் பூட்டோ விலையில் இவர்களை நெருக்குகிறது. இந்த அரம் பிடிக்கும் கைகள் குறைந்துகொண்டே வருவது எனக்கு வலிக்கிறது. கைத்தறி வீட்டுப் பெண்ணுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர் கேட்டார்: "ஒங்க கதவக் காட்டு." போனில் படத்தைக் காட்டினேன். பூட்டை அவர் பார்க்கவே இல்லை. கொண்டியும் நாதாங்கியும் இருக்கும் இடத்தை விரலால் பெரிதாக்கினார். "நாலு ஸ்க்ரூ. மரமும் உளுத்திருக்கு. எட்டு லீவர் பூட்டுப் போட்டாலும் இது கையோட வந்துரும் தாயி." கதவைத் துளைத்து போல்ட்டு விட்டு உள்பக்கம் நட்டு முடுக்கணும், பூட்டின் வளையத்துக்கும் கொண்டிக்கும் நடுவே கம்பி நுழைய இடம் விடக்கூடாது, வெளியூர் போனால் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. பூட்டு விற்கிறவர், பூட்டைத் தவிர எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்!

நான் என் பங்குக்கு ஒரு கதை சொன்னேன். 1851இல் லண்டனில் பெரிய கண்காட்சி நடந்த சமயம், ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், திறக்கவே முடியாது என்று பெயர் வாங்கிய சப் கம்பெனிப் பூட்டைச் சாட்சிகள் முன்னால் சுமார் 25 நிமிடத்தில் திறந்துவிட்டார். தம்பிகள் அரத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். பெரியவர் மட்டும் அசையவில்லை. "சாட்சிக்காரங்க கம்முனு பாத்துக்கிட்டு இருந்தாங்களா? ஒன் வீட்டு வாசல்ல ஒருத்தன் இருவத்தஞ்சு நிமிசம் நின்னா, தெரு கம்முனு இருக்குமா?"

எழுந்து போய், பரணிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார். மாங்காய் வடிவப் பூட்டு, இரண்டு கை கொள்ளும் கனம். சாவியை விட்டுத் திருகினார். *டிங்.* இன்னொரு சுற்று. *டிங்.* மணிப் பூட்டு! சொன்னால் மட்டும் செய்து கொடுப்பார்களாம். அரை மணி நேரம் அதை நான் கீழே வைக்கவில்லை. கடைசியில் அதையே வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஊருக்கு வந்ததும் அப்பா கதவைத் துளைத்து போல்ட்டு முடுக்கினார். ராத்திரி தறியை மூடிவிட்டுப் பூட்டைத் திருகினோம். *டிங், டிங்.*

"யார்ரா அது தறிக்கூடத்தாண்ட?" எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து அத்தை.

"நாங்கதான் அத்தை. புதுப் பூட்டு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "இன்னொரு வாட்டி திருகு, கேக்கறேன்."